இருபதாம் திகதிக்குப் பிறகு கடைக் கொப்பி

கேள்வி: எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 95,000 ரூபாய் வருகிறது. பட்டியல் போட்டால் செலவு 82,000தான். ஆனாலும் 20ஆம் திகதிக்குப் பிறகு கடையில் கடன் கொப்பிக்குத்தான் சாமான். தை மாதம் காப்பையும் அடகு வைத்தாயிற்று. "உனக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது" என்கிறார் கணவர். என்ன செய்ய?
– வாசகி, கொக்குவில்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் பட்டியலை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். அரிசி, மா, மரக்கறி, காஸ், ரியூசன், பெற்றோல் எல்லாம் அளவாகவே இருக்கின்றன. பிழை உங்கள் கையில் இல்லை. பட்டியலில் வராத செலவுகளைக் கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பாடப்புத்தகம் இலவசமாகக் கிடைத்தாலும் பிள்ளைகளின் சப்பாத்து, பை, கொப்பிகளுக்கு 38,000. மோட்டார் சைக்கிளின் வரிப்பத்திரமும் இன்சூரன்சும் 9,000. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்து நின்ற உறவுகளுக்கு 31,000. மூன்று கலியாண வீடு, ஒரு சாமத்திய வீடு என்று 66,000. கூட்டினால் வருடத்துக்கு 144,000. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 12,000. மிஞ்ச வேண்டிய 13,000 எங்கே போகிறது என்று இப்போது விளங்குகிறதா? திருவிழா 25 நாளும் எப்போது என்று கலண்டரில் இருக்கிறது. பள்ளிக்கூடம் தொடங்குவதும் தெரியும். இவை எதிர்பாராத செலவுகள் அல்ல.

சம்பளம் வந்த அன்றே 12,000ஐ வேறொரு வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். அதற்கு ஏரிஎம் கார்ட் எடுக்க வேண்டாம். முதல் சில மாதம் அந்தக் காசு காப்பை மீட்கட்டும். கடைக்காரர் வட்டி கேட்கமாட்டார், அடகுக்கு நாள்தோறும் வட்டி ஏறும். கடைக் கொப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கலாம். ஆனால் புதிதாக எதையும் அதில் எழுதவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கும்போது கால் கிலோ வாங்கும் கை, கொப்பிக்கு என்றால் ஒரு கிலோ கேட்கும்.

இன்னொன்று, கறண்ட் பில். போன மாதம் 67 அலகு என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 60 அலகைத் தாண்டினால் மேலதிகமான ஏழுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே கூடிய விலை. நிலையான கட்டணமும் ஏறும். பில் எழுதிப் போன 20ஆம் நாள் மீற்றரைப் பாருங்கள். பில்லில் உள்ள இலக்கத்திலிருந்து 40 அலகைத் தாண்டியிருந்தால் அயன் பண்ணுவதைக் குறையுங்கள்.

கணவர் சொன்னது என்னையும் நோகச் செய்தது. அந்த 144,000இல் ஒரு ரூபாயும் உங்கள் ஊதாரித்தனத்தால் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகள் விளையாடப் போன நேரமாகப் பார்த்து, அந்தப் பின்பக்கக் கணக்கை அவர் முன்னால் வைத்து அவரையே கூட்டச் சொல்லுங்கள்.