6845 என்ற எண் ஒத்திருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் பட்டறை இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பழைய படக்குழாய்த் திரை உள்ளது. சில வாரங்களாக எழுத்துகள் நிலையாக நிற்காமல் மேல்நோக்கி ஓடுகின்றன. திரைக் கன்ட்ரோலர் சிப் பழுது என்கிறார் மெக்கானிக். சிப்பின் மேல் ஹெச்டி6845எஸ்பி என்று அச்சிடப்பட்டுள்ளது. ஒரு விற்பனையாளர் எம்சி6845பி சிப்பை, ‘புதியது, அதற்கு ஈடானது’ என்று கூறி விற்கிறார். ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டாராம். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். பழுது அந்தச் சிப்பில்தானா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. இந்தச் சிப் நினைவகத்துக்கு முகவரிகளையும் திரைக்கு சிங்க் துடிப்புகளையும் (படத்தை நிலையாக நிறுத்தும் ஒத்திசைவுத் துடிப்புகள்) தருகிறது; எழுத்தின் வடிவம் பொதுவாக வேறொரு ரோம் (நிலையான நினைவகம்) சிப்பிலிருந்து வருகிறது. உங்கள் திரையில் எழுத்துகள் பிழையின்றித் தெரிந்து, படம் மட்டும் ஓடுகிறது என்றால், மெக்கானிக்கை சிப்பின் 40ஆம் பின்னில் (காலில்) ஆஸிலாஸ்கோப் (மின்துடிப்புகளைத் திரையில் காட்டும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செங்குத்து சிங்க் துடிப்பு அங்கே ஒழுங்காக இருந்தால், கேபிளையோ மானிட்டரின் செங்குத்துச் சுற்றையோதான் சந்தேகிக்க வேண்டும். துடிப்பு இல்லையென்றாலும், 20ஆம் பின்னில் 5 வோல்ட்டும் 21ஆம் பின்னில் கடிகாரத் துடிப்பும் வருகின்றனவா என்று பார்த்த பிறகே சிப்பைக் குறை சொல்லலாம். மானிட்டரைத் திறக்க நேர்ந்தால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர் கை வைக்கக் கூடாது.

சிப்தான் பழுது என்று தெரிந்தாலும், எண் ஒத்திருப்பது மட்டும் போதாது. மோட்டரோலாவின் ‘எம்சி’, ஹிட்டாச்சியின் ‘ஹெச்டி’ சிப்கள் இரண்டுமே 40 பின் கொண்டவை, ஒரே சாக்கெட்டில் பொருந்துபவை. ஆனால் ஹிட்டாச்சியின் ‘எஸ்’ வகையில் செங்குத்து சிங்க் துடிப்பின் அகலத்தை மென்பொருளே தீர்மானிக்கலாம். மோட்டரோலாவின் தொடக்ககாலச் சிப்பிலோ அது 16 ஸ்கேன் வரிகளாக (திரையில் படம் வரையும் கிடைக்கோடுகள்) நிலைத்திருக்கும். உங்கள் இயந்திரத்தின் மென்பொருள் குறுகிய துடிப்பை எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தால், மாற்றுச் சிப் நல்ல நிலையில் இருந்தும் படம் சரியாக அமையாமல் போகலாம். வேகமும் முக்கியம்: எம்சி6845 ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு உரியது, எம்சி68பி45 (MC68B45) இரண்டுக்கு. ஆகவே அதே ஹெச்டி6845எஸ்பி-யைத் தேடுவதே நல்லது.

‘புதியது’ என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். இவை பழைய போர்டுகளிலிருந்து கழற்றப்பட்டு, மேற்பரப்பு தேய்க்கப்பட்டு, கறுப்புப் பூச்சின் மேல் வேறு எண் அச்சிடப்பட்டு வருவதுண்டு. மேலும் கீழும் எடுத்த தெளிவான படங்களைக் கேளுங்கள். பின்களில் பழைய ஈயம் ஒட்டியிருந்தாலோ, ஓரத்து வட்டக் குழி பூச்சால் மூடப்பட்டிருந்தாலோ, மேற்பரப்பின் சொரசொரப்பு அடிப்பக்கத்தோடு ஒத்துப்போகாவிட்டாலோ வாங்காதீர்கள். கழற்றிய சிப் என்று வெளிப்படையாகச் சொல்லி, சோதித்து, வேலை செய்யாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் உறுதியளிக்கும் விற்பனையாளர், ‘புதியது’ என்று மட்டும் சொல்பவரைவிட நம்பகமானவர் என்பது என் கருத்து.