கேள்வி – பதில்: கூட்டாளி எதிரியான கதை

கேள்வி: பர்மாவில் இருந்த கிட்டங்கியும் வயலும் 1942-ல் ஜப்பான்காரன் வந்ததால்தான் போயின என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே ஜப்பான் பிரிட்டனுக்குக் கூட்டாளியாக இருந்ததாமே! அது எப்படி மாறியது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இருந்தது உண்மைதான். 1902 ஜனவரி 30-ல் லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. புரோநோட்டில் கெடுவைப் பார்ப்பீர்கள் அல்லவா? ராணுவ ஒப்பந்தத்திலும் அதைப் பாருங்கள். கூடவே, எப்போது உதவிக்கு வர வேண்டும், எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்பதையும் பாருங்கள். மாற்றமெல்லாம் இந்த மூன்றில்தான் நடக்கும்.

1902-ல் கெடு 5 வருடம். எதிரி ஒரே நாடு என்றால் மற்றவர் ஒதுங்கி நிற்கலாம். இரண்டாவது நாடு எதிரியோடு சேர்ந்தால்தான் உதவிக்கு வர வேண்டும். 1904-ல் ஜப்பான் ரஷ்யாவோடு மோதியபோது பிரிட்டன் களத்தில் இறங்காததற்கு இந்த வரிதான் காரணம்.

1905-ல், கெடு முடியும் முன்பே, மாற்றி எழுதினார்கள். ஒரு நாடு தாக்கினாலே உதவ வேண்டும் என்றானது. கெடு 10 வருடம் ஆனது. ஒப்பந்தம் பொருந்தும் பகுதிக்குள் இந்தியாவும் வந்தது. நம் நாட்டைக் காக்கும் பொறுப்பில் ஜப்பானுக்கும் பங்கு எழுதப்பட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

ரஷ்யாவைத் தடுக்கத்தான் இந்தக் கூட்டே; ஜப்பானிடம் ரஷ்யா தோற்றதும் ஒப்பந்தத்தின் உயிர்நாடி தளர்ந்தது. 1907-ல் பிரிட்டனே ரஷ்யாவோடு சமாதானமாகப் போய்விட்டது. 1911-ல் நான்காவது பிரிவாக ஒரு வரி சேர்ந்தது: பொது நடுவர் ஒப்பந்தம் (தகராறை நடுவரிடம் விட்டுத் தீர்ப்பது) உள்ள நாட்டோடு போரிடக் கட்டாயமில்லை. மனதில் இருந்த நாடு அமெரிக்கா. அந்த நடுவர் ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் சிக்கி அமலுக்கே வரவில்லை. ஆனாலும் பிரிட்டன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துபோயிற்று.

1921 டிசம்பர் 13-ல் வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ் நான்கும், பழைய கூட்டுக்குப் பதிலாகப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இதில் தகராறு வந்தால் கூடிப் பேச வேண்டும், அவ்வளவுதான். 1923 ஆகஸ்டில் பழைய ஒப்பந்தம் காலாவதியானது. ஜப்பானை மனதில் வைத்து சிங்கப்பூரில் கடற்படைத் தளம் கட்ட 1921-லேயே பிரிட்டன் முடிவெடுத்திருந்தது. தளம் 1938-ல் திறந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன்.

கேள்வி: இந்தியா அப்படி ஒப்பந்தம் போட்டதுண்டா?
– வாசகர், காரைக்குடி

பதில்: ராணுவக் கூட்டணி என்று போட்டதில்லை. நெருங்கி வந்தது 1971 ஆகஸ்ட் 9-ல் சோவியத் யூனியனோடு செய்த ஒப்பந்தம். ஒருவருக்குத் தாக்குதல் அபாயம் வந்தால் உடனே கலந்து பேச வேண்டும் என்றது ஒன்பதாவது பிரிவு. கெடு 20 வருடம். சோவியத் யூனியன் கலைந்தபின், 1993 ஜனவரியில் ரஷ்யாவோடு புதிதாக எழுதியபோது அந்தப் பாதுகாப்பு வரி விடுபட்டது.