இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.ஏ.வில் எந்த இரண்டு பாடங்களைச் சேர்த்து எடுப்பது நல்லது? உளவியல் சுலபமாக இருக்குமா?

"சுலபமா" என்று கேட்டதிலேயே உங்கள் நிலைமை ஓரளவு புரிகிறது. பகலில் வேலை, ராத்திரியில் படிப்பு, கணக்கு என்றால் காத தூரம் ஓட்டம். நானும் அப்படித்தான் இருந்தேன். நீங்கள் கணக்கில் புலி என்றால் மன்னித்துவிடுங்கள்.

நான் சேர்ந்தது 2019 ஜூலையில். பொதுப் பட்டமான பி.ஏ.ஜி. புதிய முறைக்கு மாறியபோது வந்த முதல் செட். மொத்தம் 132 கிரெடிட். முக்கியப் பாடம் இரண்டு. முதல் நாலு செமஸ்டரில் ஒவ்வொரு பாடத்துக்கும் மொத்தம் நாலு தாள், கடைசி இரண்டு செமஸ்டரில் இன்னும் கொஞ்சம். மொழித்தாள், சுற்றுச்சூழல், திறன் தாள் எல்லாம் இதற்கு மேல். இப்போது அமைப்பு மாறிவிட்டது, நாலு வருடப் படிப்பும் வந்தாயிற்று. "பழைய கதை பேசுகிறான்" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பழைய கதைதான்.

அப்போது ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வரலாறு பிடிக்கும், அதை எடுத்தாயிற்று. இரண்டாவதாகப் பொருளாதாரம் எடுத்தால் கணக்கு வந்துவிடுமே என்று பயந்து உளவியலை எடுத்தேன். மனசைப் பற்றிப் படிப்பதில் என்ன கணக்கு இருக்கப் போகிறது? நாலாவது தாளாக வந்து நின்றது பி.பி.சி.சி. 134, புள்ளியியலும் உளவியல் ஆராய்ச்சியும். அதுவும் ஆங்கிலத்தில். திறந்த பக்கமெல்லாம் சிக்மா என்ற கூட்டல் குறி.

அக்கா மகள் அப்போது பத்தாவது. எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது திட்ட விலக்கம். எங்கள் கணக்குப் புத்தகத்தில் எட்டாவது பாடம்" என்றாள். எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பார்ப்பதுதான் திட்ட விலக்கம். கடையில் மீந்த பில் ரோலைத் தரையில் விரித்து உட்கார்ந்தோம். சராசரி கண்டுபிடி, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதைக் கழி, வர்க்கப்படுத்து, கூட்டு, வகு. ரோல் அடுப்படி வரை போயிற்று. நாலு வர வேண்டிய இடத்தில் எனக்குப் பதினாறு வந்தது. மறுபடி போட்டாலும் பதினாறு. கடைசியில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும் என்பதை மூன்று நாள் மறந்திருக்கிறேன். 35 எடுத்தால் பாஸ், 52 வாங்கினேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், அந்த 52 எனக்குப் பெரிசு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எது சுலபம் என்று பார்க்காதீர்கள், படித்து முடித்து எங்கே போகப் போகிறீர்கள் என்று பாருங்கள். நான் பி.எட். சேரலாம் என்று ஒரு கல்லூரிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் மதிப்பெண் பட்டியலில் பேனா முனையை மேலும் கீழும் ஓட்டிவிட்டு, "மெயின் எது தம்பி?" என்றார். "ரெண்டும்தான் சார்." "ரெண்டும் மெயின்னா ஒண்ணும் மெயின் இல்லப்பா." அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டேன். வேறு கல்லூரியில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம், அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று.

தமிழ்நாட்டில் ஆசிரியர் வேலை என்றால் பாடம் பார்ப்பார்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு பி.ஏ.வும் எம்.ஏ.வும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கிராஸ் மேஜர் என்று தள்ளிவிடுவார்கள். அந்த ஆசை இருந்தால் இரண்டு பாடச் சேர்க்கையே வேண்டாம், ஒரே பாட ஆனர்ஸ் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுதான் குறி என்றால் பெரும்பாலும் ஏதாவது ஒரு பட்டம் போதும். வரலாறும் அரசியல் அறிவியலும் எடுத்தால் பாதித் தயாரிப்பு அதிலேயே முடியும். உளவியல்மேல் நிஜமாகவே ஆசை என்றால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இக்னோவில் எம்.ஏ. உளவியலுக்கு முன்பு எந்தப் பட்டம் இருந்தாலும் சேர முடிந்தது; 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரத்தில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போன தை மாசம் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் தாய்மாமா கேட்ட முதல் கேள்வி: "தம்பி காலேஜா, கரஸா?" கரஸ் என்றதும் தட்டில் இருந்த மிக்சர் பக்கம் திரும்பிவிட்டார். எட்டு மணி நேரம் நின்று பில் போட்டுவிட்டு வந்து ராத்திரி அசைன்மெண்ட் எழுதியதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. திட்ட விலக்கம் எப்படிப் போடுவது என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.