டெக்சாஸில் துப்பாக்கி: டாலஸ் வரப்போகும் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, எச்1பி விசாவில் மனைவி, நாலு வயது மகளோடு டாலஸ் பக்கம் குடிவரப் போகிறேன், லைசென்ஸே இல்லாமல் யார் வேண்டுமானாலும் இடுப்பில் துப்பாக்கி செருகிக்கொண்டு போகலாம் என்கிறார்களே, அப்படியானால் அங்கே குற்றம் அதிகமா குறைவா, அங்கிருக்கும் நண்பர் "எல்லார் கையிலும் துப்பாக்கி இருந்தால் திருடன் பயப்படுவான், நீயும் ஒன்று வாங்கிக்கொள்" என்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிளேனோவில் ரொம்ப வருடமாக இருக்கிறேன், பிள்ளைகளை வளர்த்ததும் இங்கேதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வாங்காதீர்கள். நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கே இடமில்லை, உங்களுக்குச் சட்டமே அனுமதிக்கவில்லை. எச்1பி, எச்4, எல்1, எஃப்1 என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற ஓரிரு விலக்குகள் உண்டு, மற்றபடி தடைதான். டெக்சாஸ் மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது. மீறினால் 15 வருடம் வரை சிறைக்கு வாய்ப்புள்ள குற்றம், விசாவும் போய்விடும். நண்பர் கிரீன் கார்டு வாங்கியவராக இருந்தால் அவருக்குச் சட்டம் வேறு, அவர் வாங்கலாம். அதைப் பார்த்து நீங்கள் செய்யக் கூடாது. வார இறுதியில் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியோடு போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடும் நம்மவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். ஒரு வக்கீலிடம் கேட்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, சட்டப்படி தடை செய்யப்படாத எவரும் கைத்துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் பொது இடத்தில் எடுத்துச் செல்லலாம். அதற்கு முன்னால் லைசென்ஸ் வேண்டும்: கைரேகை கொடுக்க வேண்டும், வகுப்பில் உட்கார்ந்து சட்டம் படிக்க வேண்டும், குறிபார்த்துச் சுட்டுக் காட்டித் தேற வேண்டும். பல காவல்துறை அதிகாரிகள் வேண்டாம் என்று எதிர்த்தும் கவர்னர் கிரெக் ஆபட் கையெழுத்துப் போட்டார். டெக்சாஸ் மட்டும் இல்லை, 2024க்குள் 50 மாநிலங்களில் 29 மாநிலங்கள் இப்படி ஆகிவிட்டன.

ஆனால் தெருவில் இறங்கினால் எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி தொங்கும் என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் மாதக்கணக்கில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சட்டைக்குள் மறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் தினமும் பார்க்கப் போவது அறிவிப்புப் பலகைகளைத்தான். கடை, ஆஸ்பத்திரி, கோயில் வாசல் கண்ணாடியில் 30.05, 30.06, 30.07 என்ற எண்களோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் ஒரு பத்தி ஒட்டியிருக்கும். முதலாவது லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியோடு வரக் கூடாது என்பதற்கு, அடுத்தது லைசென்ஸ் உள்ளவர் மறைத்துக்கொண்டு வரக் கூடாது என்பதற்கு, மூன்றாவது வெளியே தெரியும்படி வரக் கூடாது என்பதற்கு. எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்கிறது. சில இடங்களில் சிவப்பில் 51% என்று இருக்கும், பாதிக்கு மேல் வருமானம் மது விற்பனையில் வரும் இடம் அது, அங்கே துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. பள்ளிக்கூடம், கோர்ட், ஓட்டுச்சாவடியிலும் தடை. 2019இல் எல் பாசோ வால்மார்ட்டில் நடந்த படுகொலைக்குப் பிறகு, வெளியே தெரியும்படி துப்பாக்கியோடு வர வேண்டாம் என்று வால்மார்ட் தன் கடைகள் எல்லாவற்றிலும் கேட்டுக்கொண்டது.

இப்போது உங்கள் நண்பர் சொல்வது. அதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட மாட்டேன், அதன் பின்னால் ஒரு நிஜமான வேதனை இருக்கிறது. 1991 அக்டோபர் 16, கில்லீன் என்ற ஊர், லூபிஸ் உணவகம். ஒருவன் பிக்கப் வண்டியைக் கண்ணாடிச் சுவரில் மோதி உள்ளே ஏற்றி, இறங்கிச் சுட ஆரம்பித்தான். அப்பா அம்மாவோடு சாப்பிட வந்திருந்த சுசானா ஹப் என்ற பெண்ணிடம் சொந்தமாக ஒரு ரிவால்வர் இருந்தது, ஆனால் அன்றைய சட்டப்படி கைப்பையில் வைத்திருப்பது குற்றம் என்று காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அப்பா அந்த ஆளை மடக்கப் பாய்ந்து குண்டு வாங்கினார், மகள் ஜன்னல் வழியாகத் தப்பினார், அம்மா கணவரை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே இருந்து அவரும் செத்தார். மொத்தம் 23 பேர். அந்த ரிவால்வர் கையில் இருந்திருந்தால் என்று அவர் ஊர் ஊராகச் சாட்சி சொன்னார். லைசென்ஸ் வாங்கியவர் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் கொண்டுவர 1993இல் சட்டமன்றத்தில் முயற்சி நடந்தபோது கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸ் தடுத்தார், அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்த ஜார்ஜ் புஷ் 1995இல் கையெழுத்துப் போட்டார், ஹப்பும் 1996இல் சட்டமன்றத்துக்கே தேர்வானார். டெக்சாஸ்காரர் ஒருவர் இந்த விஷயத்தில் குரலை உயர்த்தினால் அதன் அடியில் லூபிஸ் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

ஒரு சம்பவத்தில் துப்பாக்கி உதவியிருக்கலாம் என்பது ஒன்று, மாநிலம் முழுவதும் எடுத்துச் செல்ல விட்டால் குற்றம் குறையும் என்பது முற்றிலும் வேறு. இரண்டாவதைத்தான் 1997இல் ஜான் லாட், டேவிட் மஸ்டர்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் புள்ளிவிவரத்தோடு எழுதினார்கள், உங்கள் நண்பர் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். அதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட வருடங்களில்தான் கிராக் என்ற போதைப்பொருள் பெருநகரங்களைப் பிடித்து ஆட்டியது, நியூயார்க், கலிஃபோர்னியா போல அந்தக் கொலைகளால் அதிகம் அடிபட்ட இடங்கள் இந்தச் சட்டத்தைக் கொண்டு வராதவை. ஆகவே சட்டம் வந்த மாநிலங்கள் நன்றாக இருப்பது போலத் தெரிந்தது. 2004இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் கவுன்சில் எல்லாவற்றையும் பரிசீலித்து, குறைகிறது என்றும் சொல்ல முடியாது, கூடுகிறது என்றும் சொல்ல முடியாது என்றது. குழுவில் ஜேம்ஸ் கியூ. வில்சன் ஒருவர் மட்டும், கொலை குறைகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்று மாற்றுக் கருத்து எழுதினார்.

அதற்குப் பிறகு கூடுதல் வருடங்களின் கணக்கு சேர்ந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் டொனஹூவும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்டதில், சட்டம் வந்து பத்து வருடம் கழித்து வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் அதிகமாக இருந்தது என்று கண்டார்கள். எதைவிட அதிகம் என்றால், அதே மாநிலத்தில் அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட. தொண்ணூறுகளுக்குப் பிறகு நாடு முழுவதுமே குற்றம் இறங்கியது, இந்த மாநிலங்களிலும் இறங்கியது, ஆனால் குறைவாக இறங்கியது. "சட்டம் வந்தது, குற்றம் குறைந்தது" என்று வாட்ஸ்அப்பில் வரும் வரைபடங்கள் விட்டுவிடுவது இதைத்தான். பல ஆய்வுகளை எடைபோட்டுப் பார்க்கும் ராண்ட் நிறுவனமும், இப்படிச் சுலபமாக அனுமதி தரும் சட்டங்கள் துப்பாக்கிக் கொலைகளைக் கூட்டுகின்றன என்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்கிறது. இவை பெரும்பாலும் லைசென்ஸ் தாராளமாகத் தரும் சட்டங்களைப் பற்றியவை. லைசென்ஸே வேண்டாம் என்ற சட்டங்கள் பல மாநிலங்களில் இன்னும் புதிது, அதுவும் 2020இல் நாடு முழுக்கக் கொலைகள் ஒரே வருடத்தில் சுமார் 30 சதவீதம் எகிறி, 2022க்குப் பிறகு நாடு முழுக்கவே இறங்கின, சட்டம் மாற்றிய மாநிலத்திலும் மாற்றாத மாநிலத்திலும். அதனால் டெக்சாஸில் 2021க்கு முன், 2021க்குப் பின் என்று இரண்டு எண்களை வைத்து யார் வாதாடினாலும், எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும், நம்பாதீர்கள்.

லைசென்ஸ் எடுத்தவர்கள் எல்லாம் ஒழுங்கானவர்கள்தானே, அவர்களா போய்ச் சுடுகிறார்கள் என்று உங்கள் நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. டெக்சாஸ் அரசு வருடா வருடம் வெளியிடும் கணக்கில், தண்டனை பெற்றவர்களில் லைசென்ஸ்காரர்களின் பங்கு மிகச் சிறியது. பிறகு குற்றம் எங்கிருந்து கூடுகிறது? பெரும் பங்கு திருட்டுத் துப்பாக்கி என்பது என் எண்ணம், டொனஹூ குழுவின் பிந்தைய ஆய்வும் அதையும், போலீஸ் குற்றங்களைத் துப்புத் துலக்குவது குறைவதையும் காட்டுகிறது. துப்பாக்கியோடு கிளம்பும் மனிதர் போகிற வழியில் பள்ளிக்கூடம், பார், 30.06 போட்ட கடை என்று நுழைய முடியாத இடம் வந்தால் அதைக் காரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வேலைக்குப் போகிறவர் ஆபீஸ் பார்க்கிங்கில் பூட்டிய காரில் வைத்துக்கொள்ள 2011 முதல் இங்கே சட்டமே உரிமை தருகிறது.

எங்கள் பழைய அபார்ட்மெண்டில் ஒரு காலையில் கீழே இறங்கினால் வரிசையாக நாலைந்து வண்டிகளின் கண்ணாடி உடைந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர், தங்கமான மனிதர், என் பையனுக்குப் பேஸ்பால் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், தன் பிக்கப்பின் நடுப் பெட்டியைத் திறந்தபடியே நின்றார். சன்கிளாஸ், சில்லறைக் காசு, சார்ஜர் எல்லாம் அப்படியே இருந்தன, பிஸ்டல் மட்டும் இல்லை. போலீஸ் வந்து சீரியல் நம்பர் கேட்டார்கள், அவருக்குத் தெரியவில்லை. அது எங்கே போயிருக்கும், யார் கையில் இருக்கும் என்று அவர் பல நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் யாரையும் சுடவில்லை, சுடவும் மாட்டார், ஆனால் ஊரில் ஒரு திருடன் கையில் புதிதாக ஒரு துப்பாக்கி சேர்ந்துவிட்டது.

நல்லவர் கையில் துப்பாக்கி இருந்து உயிர் காத்ததும் நடந்திருக்கிறது. இண்டியானாவில் 2022 ஜூலை 1இல் லைசென்ஸ் தேவையில்லை என்ற சட்டம் அமலுக்கு வந்தது, அதே மாதம் 17ஆம் தேதி கிரீன்வுட் மாலில் மூன்று பேரைக் கொன்றவனை எலைஜா டிக்கன் என்ற 22 வயது இளைஞர் தன் கைத்துப்பாக்கியால் சில நொடிகளில் வீழ்த்தினார். அதற்கு முந்தைய வருடம் கொலராடோவின் ஆர்வாடாவில் ஜானி ஹர்லி என்பவரும் அப்படித்தான் கொலையாளியைச் சுட்டு நிறுத்தினார், பின்னால் வந்த போலீஸ்காரர் அவரையே கொலையாளி என்று எண்ணிச் சுட்டுக் கொன்றுவிட்டார். இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துப் பார்த்தாலும் என் முடிவு மாறவில்லை: வகுப்பையும் சுடும் தேர்வையும் எடுத்துவிட்டது தவறு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களும், அனுமதி தாராளமாக இருந்தாலும் சுட்டுக் காட்டும் பயிற்சி போன்ற நிபந்தனைகளை வைத்திருந்தால் பாதிப்பு மட்டுப்படுகிறது என்றுதான் சொல்கிறார்கள். கார் ஓட்டவே தேர்வு வைக்கும் மாநிலம் இதற்கு வைப்பதில் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை, கோபம்தான் வருகிறது.

ஆலன் மால் பற்றி உங்கள் வீட்டில் கேட்பார்கள். 2023 மே 6, எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான், அங்கே ஒருவன் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் ஹைதராபாத்திலிருந்து வந்து வேலை பார்த்த ஓர் இளம் பொறியாளரும் ஒருவர். அந்த வாரம் முழுக்க எங்கள் பக்கத்து இந்தியக் குடும்பங்களில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் அவன் பயன்படுத்தியது ஏஆர்-15 வகை ரைஃபிள், 2021 சட்டம் கைத்துப்பாக்கியைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் எதைப் பற்றிக் கவலைப்படுவது என்றே தெரியாமல் போகும்.

எதைப் பற்றிக் கவலைப்படலாம் என்றால், பக்கத்து வீடுகளில் பூட்டாமல் இருக்கும் துப்பாக்கியைப் பற்றி. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் தற்கொலை. அது தெருவில் நடப்பதில்லை, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான். மகள் பெரியவளானதும் தோழி வீட்டுக்கு விளையாடப் போவாள். போகும் முன் அந்த வீட்டாரிடம் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். நான் எப்படிக் கேட்பேன் என்றால், "இவனுக்கு வேர்க்கடலை ஆகாது, உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா, துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே இருக்கும்?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுவேன். ஓர் அம்மா மட்டும் கொஞ்சம் முகம் சுளித்தார், மற்றவர்கள் எல்லாரும் "சேஃபில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று இயல்பாகச் சொன்னார்கள். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை வைப்பது டெக்சாஸிலேயே குற்றம், ஆக நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம் ரோடு. நம் ஊர்ப் பழக்கத்தில் ஹார்னை அழுத்தாதீர்கள், யாராவது குறுக்கே புகுந்து கையைக் காட்டித் திட்டினால் பார்க்காத மாதிரி வேகத்தைக் குறைத்து விட்டுக்கொடுங்கள், அவர் காரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டீயரிங் மேலேயே இருக்கட்டும், கேட்ட பிறகு சொல்லிவிட்டு லைசென்ஸை எடுங்கள். விருந்துக்குப் போகும்போது முகவரியைச் சரிபார்த்துவிட்டுப் பெல் அடியுங்கள். 2023இல் கான்சாஸ் சிட்டியில் தம்பிகளைக் கூட்டிப்போக வந்த 16 வயதுப் பையன் தெருப் பெயர் மாறி வேறு வீட்டுப் பெல்லை அடித்ததற்குத் தலையில் சுடப்பட்டான், நல்லவேளை பிழைத்தான். இருட்டில் சந்தேகமாக இருந்தால் படியேறாமல் காரிலிருந்தே போன் போட்டுக் கேளுங்கள்.

வீடு பார்க்கும்போது கராஜ் உள்ள இடமாகவோ கேட் போட்ட பார்க்கிங் உள்ள இடமாகவோ பாருங்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி மாவட்டம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் ஆபீஸ் இருக்கும் இடத்தை எழுதுங்கள், இர்விங்கா, ஃபிரிஸ்கோவா, எங்கள் பக்கமா என்று பார்த்துச் சொல்கிறேன்.