மௌனமான பீரங்கிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரின் இலகுரக வேவு விமானங்களைப் பற்றி அண்மையில் படித்தேன். ஜெர்மானியரின் ஸ்டோர்ச், அமெரிக்கரின் எல்-4 ஆகிய இரண்டில் எது சிறந்தது? சார்லஸ் கார்ப்பென்டர் என்ற அதிகாரி தன் எல்-4இல் ஆறு பஸூக்காக்களை (டாங்கிகளைத் தாக்கும் ராக்கெட் குழாய்களை)க் கட்டிக்கொண்டு 1944இல் பிரான்சில் டாங்கிகளைத் தாக்கியிருக்கிறார். மற்றவற்றை ஆயுதமின்றிப் பறக்கவிட்டது வீண்தானே? டிரோன்கள் வந்தபின் இவற்றைப் பேசிப் பயனுண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எது சிறந்தது என்பது பயில்வான்களைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி. 240 குதிரைத்திறன் கொண்ட ஸ்டோர்ச் சிறு வயலில்கூட இறங்கிவிடும். 65 குதிரைத்திறனே கொண்ட எல்-4 எளிமையானது, ஆகவே ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது. அவ்வளவுதான். டிரோன்களைப் பற்றிப் பிறகொரு நாள்.

ஆனால் 'வீண்' என்று எழுதிவிட்டீர்களே, அதைக் கடந்துபோக என்னால் இயலவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு இருக்கை விமானம் ஒன்றின் பின்னிருக்கையில், மடியில் வரைபடத்துடன் ஒருமுறை பறந்தேன். ஒரு பாலத்தைக் காட்டும்படி விமானி கேட்டார். ஆறும் சாலையும் தெரிந்தன. பாலம் மட்டும் தட்டுப்படவில்லை. அதைத் தாண்டி வெகுநேரமாகிவிட்டது என்று அவர் சிரித்தபோதுதான், மேலிருந்து பார்ப்பது வேறு, கண்டுகொள்வது வேறு என்பது எனக்கு உறைத்தது. இத்தனைக்கும் என்னை எவரும் சுடவில்லை.

கண்டால் மட்டும் போதாது, குண்டு எங்கே விழுந்தது என்று தரையிலுள்ள பீரங்கி அணிக்குச் சொல்லவும் வேண்டும். முதல் உலகப் போரில் விமானத்திலிருந்த பிரிட்டிஷ் நோக்குநர்கள் இலக்கைக் கடிகாரத்தின் மையமாகவும் வடக்கைப் பன்னிரண்டு மணியாகவும் வைத்துக்கொண்டார்கள். தொலைவுகளுக்கு எழுத்துகள் உண்டு. 'பி 3' என்று மோர்ஸ் தந்திக் குறியீட்டில் தட்டினால், குண்டு இலக்குக்குக் கிழக்கே 100 கஜத்தில் விழுந்தது என்று பொருள். பல விமானங்களில் அனுப்பும் கருவி மட்டுமே இருந்ததால், பீரங்கி அணியினர் தரையில் துணிப்பட்டைகளை விரித்துப் பதில் சொன்னார்கள். அடுத்த போரில் இருவழி வானொலி வந்தது. பிரிட்டிஷ் படையில் பீரங்கிப்படை அதிகாரியே விமானியுமானார், தம் படைகளுக்கு மேலே தாழப் பறந்தபடி அவரே சுடும் ஆணைகளை இட்டார். தரையிலிருந்த பீரங்கிகள் அத்தனையும் அவருடைய ஆயுதங்களாக இருக்கையில், ஆறு பஸூக்காக்களைச் சுமந்து என்ன செய்வது? கார்ப்பென்டர் துணிச்சல்காரர், மறுக்கவில்லை. ஆனால் துணி போர்த்திய விமானத்தை டாங்கிகளின் மேல் பாய்ச்சுவது ஒரு மனிதனின் வீரமாக இருக்கலாம். அதையே எல்லோருக்கும் விதியாக்கக் கேட்பது, மன்னியுங்கள், சினிமா பார்க்கும் மனம்.

அழித்தவற்றை மட்டுமே எண்ணுகிறீர்கள். எல்-4 வானில் தெரிந்தபோதெல்லாம் பல ஜெர்மானியப் பீரங்கி அணிகள் சுடுவதை நிறுத்திக்கொண்டன. ஒரு குண்டு சுட்டாலும் வாய்த்தீயும் புகையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், சில நிமிடங்களில் பதில் தலைமேல் விழும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். சுடப்படாத அந்தக் குண்டுகளுக்கு உங்கள் கணக்கில் ஓர் இடம் ஒதுக்குங்கள். விமானம் தரையிறங்கும்வரை அந்தப் பீரங்கிகள் காத்திருந்தன; அதனால்தான் ஒன்று இறங்கும் முன் அடுத்தது மேலேறும்படி முறைவைத்துப் பறந்தார்கள்.

அன்புடன்.