கணினிப் பட்டம் இல்லாமலும் வலைப்பதிவு நடத்தலாம்: கிளிநொச்சித் தாய் ஒருவருக்கு

அம்மா, போன கிழமை மகளோடு வந்து ஒரு மணித்தியாலம் இருந்தீர்கள். அதில் முக்கால்வாசி நேரம், கனடாவில் இருக்கும் அவளுடைய சித்தப்பா சொன்னதைத்தான் சொன்னீர்கள். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் மென்பொருள் பொறியியல் பட்டம். முதல் வருடக் கட்டணத்தை அவர் பார்த்துக்கொள்வார். மிச்சத்துக்கு வயலை ஈடு வைக்கலாம். உங்கள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, "யோசிப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கும் வயல் அது. ஒரு காலபோகம் வெள்ளத்தில் போனால் சாப்பாட்டுக்கே கடன் வாங்கும் வீட்டில், மாதா மாதம் வட்டி எங்கிருந்து வரும்? சித்தப்பாவின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு வருடத்துக்குத்தான் அவர் பொறுப்பு, மற்ற வருடங்களுக்கு உங்கள் வயல் பொறுப்பு. இந்தக் கணக்கை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அதைவிடப் பெரிய காரணம் மகள். நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது அவளிடம் கேட்டேன். "எழுதத்தான் விருப்பம் சேர், சித்தப்பா கோபிப்பார் என்றுதான் பேசாமல் இருக்கிறேன்" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினாள். ஒரு பக்கத்தில் பாலைப்பழம் பற்றி எழுதியிருந்தாள். பழத்தின் பால் உதட்டில் பசைபோல ஒட்டிக்கொள்வதையும், அம்மம்மா முதலே உதட்டில் தேங்காய் எண்ணெய் பூசிவிடுவதையும், காட்டுக்குப் போன பிள்ளைகள் எண்ணெய் வாய் மினுங்கத் திரும்பி வருவதையும். இதை எந்த விரிவுரை மண்டபத்திலும் சொல்லிக் கொடுக்க முடியாது.

ஆசிரியத் தொழில், அரச வேலை, தொழிற்பயிற்சி ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அவற்றை விடுகிறேன். மகள் இணையத்தில் ஒரு வலைப்பதிவு எழுதட்டும் என்று நான் சொன்னபோது, "வலைப்பதிவு நடத்துவதற்கும் கணினி படித்திருக்க வேண்டுமே" என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேண்டியதில்லை அம்மா. புளொக்கர் என்ற வலைப்பதிவுத் தளம் 1999இல் வந்தது, 2003இல் கூகுள் அதை வாங்கியது. மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்தவர் அதில் எழுதலாம், கட்டணமும் இல்லை. வேர்ட்பிரஸ் என்ற இன்னொன்றும் 2003இல் வந்ததுதான். அதில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. நிறுவனமே இடம் தரும் இலவச வேர்ட்பிரஸ் ஒன்று. மென்பொருளை எடுத்து, வாடகைக்கு இடம் பிடித்து நாமே நிறுவுவது இன்னொன்று. மகளுக்கு இரண்டாவது இப்போது தேவையில்லை. தளம் செய்து தருகிறேன் என்று யாராவது பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமானால் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து டொலர் போதும். அதையும் முப்பது பதிவு எழுதிய பிறகு வாங்கட்டும்.

தெரிந்திருக்க வேண்டியவை சின்னச் சின்ன விடயங்கள். எல்லாவற்றையும் யுனிகோடில், அதாவது எந்தக் கணினியும் தமிழ் என்றே அறிந்துகொள்ளும் எழுத்து முறையில், தட்டச்சு செய்ய வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து அப்படியே ஒட்டினால் கூகுள் தேடலில் அது தமிழாகவே அகப்படாது. புளொக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால், பதிவின் இணைய முகவரி தலைப்போடு தொடர்பில்லாத ஒரு பொதுப்பெயராக விழும். ஆகவே வெளியிடும் முன்பே எழுதும் திரையின் ஓரப் பட்டியில் முகவரியை ஆங்கில எழுத்தில், பாலைப்பழம் என்றே புரியும்படி மாற்ற வேண்டும். கைபேசியில் எடுத்த படம் பல மெகாபைட் இருக்கும். டேட்டா போட்டு வாசிப்பவர் அது திறக்கும்வரை காத்திருக்கமாட்டார், அளவைக் குறைத்துப் போட வேண்டும். மாதம் ஒரு தடவை எல்லாப் பதிவுகளையும் நகலெடுத்துச் சேமிக்க வேண்டும். கூகுளின் தேடல் அறிக்கை இலவசம். என்ன சொல்லைத் தேடி வாசகர் வந்தார் என்று அது காட்டும். இவ்வளவையும் இரண்டு சனிக்கிழமைகளில் நானே காட்டித் தருவேன்.

வலைப்பதிவுகள் நின்றுபோவது கணினி அறிவு இல்லாததால் அல்ல. பத்தாவது பதிவுக்கு எழுத விடயம் இல்லாமல் நிற்கின்றன. மகளிடம் விடயம் இருக்கிறது. குளத்துத் தண்ணீரின் அளவைப் பார்த்து, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் எப்படித் தீர்மானிக்கிறார்கள்? மொட்டைக்கறுப்பன் அரிசியில் கஞ்சி எப்படிக் காய்ச்சுவது? அறக்கொட்டிப் பூச்சி விழுந்த வயலை எப்படி அடையாளம் காண்பது? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கு எரியும் நாளில் ஊர் எப்படி இருக்கும்? வன்னியை விட்டுப் போனவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து இவற்றைத் தேடுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கிறார்கள். தலைப்பை அவர்கள் கேட்கும் கேள்வியாகவே வைக்க வேண்டும். கிழமைக்கு ஒரு பதிவு, ஒரே துறை, சொந்தப் படம். இன்னொருவருடைய எழுத்தையோ படத்தையோ எடுத்துப் போட்டால் விளம்பர விண்ணப்பமும் நிராகரிக்கப்படும், பெயரும் கெடும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பதிவில் விளம்பரம் போட்டு எழுதுபவருக்குப் பங்கு தரும் கூகுளின் அட்சென்ஸ் 2018 பெப்ரவரியில்தான் தமிழுக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், மகளுக்கு நிரம்பிவிட்டது. கணக்கில் பத்து டொலர் சேர்ந்ததும், முகவரியை உறுதிசெய்ய ஒரு இரகசிய இலக்கத்தைத் தபாலில் அனுப்புவார்கள். தபால்காரர் வழக்கமாகக் கடிதம் கொண்டுவரும் முகவரியையே எழுத்துப் பிசகாமல் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கடிதம் எங்கோ நின்றுவிடும். நூறு டொலர் சேர்ந்தால்தான் பணம் வரும். முதல் வருடம் ஒரு சதமும் வராது என்றே கணக்குப் போடுங்கள். இந்த வேலைக்கு உங்கள் வயலும் நகையும் தேவையில்லை, அதுதான் என் வாதம். ஐம்பது பதிவு சேர்ந்தால் பத்திரிகைக்கோ நிறுவனத்துக்கோ "நான் எழுதியவை இவை" என்று காட்ட அவளுக்கு ஒன்று இருக்கும். கூடவே திறந்த பல்கலைக்கழகத்திலோ வேறு எங்கோ, கடன் வாங்காமல், தனக்குப் பிடித்த ஒரு பாடத்தைப் பயிலட்டும். அதையும் அவளே தெரிவு செய்யட்டும்.

சித்தப்பாவிடம் நான் பேசுகிறேன். உதவ விரும்பினால் பழைய மடிக்கணினி ஒன்று அனுப்பச் சொல்வேன். வருகிற சனிக்கிழமை காலை மகளை அனுப்புங்கள், கொப்பியும் கையில் இருக்கட்டும். பாலைப்பழம்தான் முதல் பதிவு. அம்மம்மாவும் வர முடிந்தால் கூட்டிவாருங்கள், எண்ணெய் எவ்வளவு பூசுவது என்று அந்தப் பக்கத்தில் எழுதவில்லை.