இடைவெளிகளை அடைத்த சிறிய பசுமைக்குடிலில் குளிர்கால இரவு முழுக்க மண்ணெண்ணெய் ஹீட்டர் எரியவிடலாமா?

எரியவிடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் ஹீட்டர் ஏற்கெனவே வாங்கியாயிற்று, "பரவாயில்லை, வையுங்கள்" என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறீர்கள் என்று படுகிறது. "இடைவெளிகளை எல்லாம் அடைத்துவிட்டேன், இனி ஒரு சின்ன ஹீட்டர் போதும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை அக்கா வீட்டில் அத்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அத்தான் செடி விஷயத்தில் என்னைவிட அனுபவசாலி. பழைய கண்ணாடிக் குடில் ஒன்றில் பல குளிர்காலங்களாகத் திரி வைத்த மண்ணெண்ணெய் ஹீட்டரைத்தான் ஏற்றி வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆனதில்லை. ஒரு வருடம் எண்ணெய்ச் செலவைக் குறைக்கலாம் என்று உள்பக்கம் முழுக்க பபிள் ராப் (காற்றுக் குமிழ்கள் உள்ள பிளாஸ்டிக் குமிழ் உறை) ஒட்டினார், கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை, மேல் ஜன்னல் இடுக்கில் டேப். காற்றுப் புக வழியே இல்லாத அளவுக்கு நேர்த்தியான வேலை. ஹீட்டர் மட்டும் அதே ஹீட்டர்.

குளிர்காலக் கடைசியில் நான் போயிருந்தபோது தக்காளிக் கன்றுகளைக் காட்டி, "தண்ணீர் விட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், வாடிப் போய் நிற்கிறது" என்றார். தொட்டுப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது. இலை வாடவில்லை, விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் காம்போடு கீழ்நோக்கி வளைந்து தொங்கியது. பக்கத்தில் முந்தைய வருட மிளகாய்ச் செடியில் மொட்டெல்லாம் உதிர்ந்து கிடந்தது. கண்ணாடியில் நீர் வழிந்தது. அப்புறம் அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "காலையில் குடிலுக்குள் போய் வந்தாலே இவருக்குத் தலைவலி, ஒரே குமட்டல்." அத்தான் சிரித்துக்கொண்டே, "குளிருக்கு வர்ற தலைவலிம்மா அது, வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்னா சரியாயிடும்" என்றார்.

வெளியே வந்தால் சரியாகிற தலைவலி. எனக்கு அந்த இடத்தில் உடம்பே சில்லென்று ஆகிவிட்டது. அடைத்த அறைக்குள் எரிபொருள் எரியும்போது, உள்ளே போனால் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, வெளியே வந்தால் தெளிவு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடைத்தான். நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் காற்றில் கொஞ்சம் இருந்தாலும் போதும், ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். மயக்கம் வருவதற்கு முன்பே யோசிக்கும் திறன் மழுங்கிவிடும், கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றாமலேகூடப் போகலாம்.

தக்காளி இலை வளைந்ததும் மிளகாய் மொட்டு உதிர்ந்ததும் தனிக்கதை இல்லை. எரிபொருள் சரியாக எரியாதபோது எத்திலீன் என்ற வாயுவும் வரும். பழம் பழுக்க வைக்கிற அதே வாயு. தக்காளிக்கு அது மிகச் சிறிய அளவிலேயே பட்டுவிடும், இலைக்காம்பு கீழே வளையும். மொட்டும் பூவும் உதிர்வதற்கும் அது காரணமாகும். மண் ஈரமாக இருந்தும் தக்காளி இப்படி நின்றால், அங்கே எரிகிற அடுப்பு சுத்தமாக எரியவில்லையோ என்று சந்தேகப்படலாம். அன்று மாலையே ஹீட்டரை வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். வாக்குவாதம் நடந்தது, அக்கா என் பக்கம் நின்றாள், எடுத்து வைத்தார். ஹீட்டர் போன பிறகு தலைவலி வரவில்லை. புதிதாக வந்த தக்காளி இலைகள் நேராக வந்தன.

இதைப் படித்துவிட்டு, "நான் வருடக்கணக்காக வைக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லச் சிலர் வருவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அத்தானும் அப்படித்தானே வைத்திருந்தார்? அவரைக் காப்பாற்றியது அந்தப் பழைய குடிலின் ஓட்டைகள். கண்ணாடி இடுக்கில் காற்றுப் புகுந்துகொண்டே இருந்தவரை ஆக்சிஜன் குறையவில்லை, புகை தங்கவில்லை. ஓட்டைகளை அடைத்த அன்றே கணக்கு மாறிவிட்டது. சுடர் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கத் தீர்க்க, எரிவது அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு கூடும். திரியில் கரி பிடித்திருந்தால் இன்னும் மோசம். குடிலை நன்றாக அடைக்கிறவர்களுக்குத்தான் சுடர் அதிக ஆபத்து. நீங்கள் நன்றாகவே அடைத்திருக்கிறீர்கள்.

சரி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால்? தோட்டத்துக்கென்றே விற்கும் ஹீட்டர்களின் கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கும், அது சரியான அறிவுரைதான். ஆனால் நீங்கள் காசு கொடுத்து உண்டாக்கும் சூடு அந்த ஜன்னல் வழியாகத்தான் போகும். குளிர் கடுமையாகும் இரவில் யாராவது ஒருவர் அதைச் சாத்திவிடவும் செய்வார். இன்னொன்று, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர் நீராவியாக வரும், புகைபோக்கி இல்லாததால் அத்தனையும் குடிலுக்குள்ளேயே. கேஸ் ஹீட்டரில் ஒரு கிலோ புரொப்பேன் வாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர். குளிர்ந்த கண்ணாடியில் பட்டு, சொட்டி, இலைமேல் விழுந்து சாம்பல் பூசணம் பிடிக்கும். குளிரில் பிழைத்த செடி பூசணத்தில் போகும். கரி அடுப்பைப் பற்றி ஒரு வரி: அணைந்துவிட்டது என்று நினைக்கும்போதும் கனன்றுகொண்டே கார்பன் மோனாக்சைடைக் கக்கும். எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

மண்தொட்டியைக் கவிழ்த்து அதனடியில் மெழுகு விளக்கு ஏற்றும் யோசனையும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சின்ன மெழுகு விளக்கு தருவது 30, 40 வாட் அளவுதான். தொட்டி அந்தச் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்து மெதுவாக விடும், ஒரு வாட்கூடக் கூட்டாது. நான்கைந்து விளக்குகளை நெருக்கி வைத்தால் மெழுகு அளவுக்கு மீறிச் சூடாகி மொத்தமாகத் தீப்பிடிக்கலாம். சுற்றிலும் பிளாஸ்டிக் குமிழ் உறை ஒட்டிய இடத்தில், ஆளில்லாத இரவில்.

உண்மையில் எவ்வளவு சூடு வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 6 வாட் சூட்டை இழக்கும். சுவரும் கூரையும் சேர்த்து 25 சதுர மீட்டர் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மைனஸ் 5, உள்ளே 5 டிகிரி வேண்டும் என்றால் 10 டிகிரி வித்தியாசம். 6ஐ 25ஆலும் 10ஆலும் பெருக்கினால் 1500 வாட். 10 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடாக இருந்தால் இதில் பாதிதான். கண்ணாடியிலேயே குமிழ் உறை ஒட்டினால் மூன்றில் ஒரு பங்குவரை மிச்சமாகும். உள்ளே 5க்குப் பதில் 15 டிகிரி வேண்டும் என்றால் அப்படியே இரட்டிப்பு. ஆக, எந்த ஹீட்டர் வாங்கலாம் என்பதற்கு முன்னால், எந்தச் செடிக்கு எத்தனை டிகிரி என்று கேட்க வேண்டும்.

உறைபனி தாங்காத பெரும்பாலான செடிகள் 5 டிகிரி இருந்தாலே குளிர்காலத்தைத் தாண்டிவிடும். எலுமிச்சைக்கும் 5 முதல் 7 போதும், தண்ணீரைக் குறைத்துக்கொண்டால். வெப்பமண்டலச் செடிகள் வேறு. உறைபனியே விழாவிட்டாலும் 10, 12 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் இலை கறுத்து வேர் அழுகும். அந்த ஒன்றிரண்டு தொட்டிகளுக்காகக் குடில் முழுவதையும் சூடாக்குவது வீண் என்பது என் உறுதியான கருத்து. அவற்றை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள், அல்லது குடிலிலேயே ஒரு மூலையைத் தடுத்து அதை மட்டும் சூடாக்குங்கள். நாற்றுகளுக்கு அடியில் விரிக்கும் சிறிய ஹீட் மேட் சில பத்து வாட்டுக்கு மேல் இழுக்காது. வேர் சூடாக இருந்தால் மேலே காற்று கொஞ்சம் குளிராக இருப்பதைப் பல நாற்றுகள் பொறுத்துக்கொள்ளும்.

நான் என் குடிலை வைத்திருப்பது இப்படித்தான், இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. குமிழ் உறை, அதற்குள் இரவில் செடிகள்மேல் மெல்லிய தோட்டத் துணி, தரையில் ஒரு தொட்டியும் இல்லை. குளிர்ந்த காற்று கீழேதான் தேங்கும், எல்லாம் மேசைமேல். நீர் நிரப்பிய கறுப்புப் பீப்பாய் ஒன்றும் உண்டு. அதைப் பற்றி மிகையாகச் சொல்பவர்கள் அதிகம். 200 லிட்டர் தண்ணீர் 5 டிகிரி இறங்கினால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேலான சூட்டைத் தரும். நீண்ட இரவில் பரப்பினால் 100 வாட் போல வரும். வெயில் அடித்த பகலுக்குப் பிறகு அது நல்ல உதவி, மேகம் மூடிய வாரத்தில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. மீதிக்கு தெர்மோஸ்டாட் (வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரைத் தானாக இயக்கி நிறுத்தும் கருவி) வைத்த ஃபேன் ஹீட்டர், ஈரமான இடத்துக்கென்றே செய்தது. குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் தெர்மாமீட்டரை முதலில் வாங்குங்கள். விடியலை ஒட்டித்தான் பெரும்பாலும் குளிர் உச்சம், அப்போது நாம் தூங்கிக்கொண்டிருப்போம். தெர்மோஸ்டாட் செடிகளின் உயரத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில் இருக்க வேண்டும். பகலில் வெயில் வந்ததும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து ஈரத்தை வெளியேற்றுங்கள்.

மின்சாரம் என்றால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஈரமும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.டி. கட்டாயம், நம்முடைய இணைப்புகளில் வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் வகை. அறைக்குள் வைக்கும் சாதாரண ஹீட்டரும், வீட்டிலிருந்து புல்வெளி வழியே இழுத்த எக்ஸ்டென்ஷன் ஒயரும் நிரந்தர ஏற்பாடு ஆகாது. 2 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சுருளில் சுற்றியபடியே இருக்கும் ஒயரில் அது ஓடினால் சுருள் சூடேறி உருகும். மண்ணுக்கடியில் முறையான கேபிள், நீர் புகாத சாக்கெட், எலெக்ட்ரீஷியன் கையால். ஹீட்டரைச் சுற்றி ஒரு மீட்டராவது காலியாக விடுங்கள், குமிழ் உறையின் ஓரம் பிய்ந்து அதன்மேல் விழாதபடி பாருங்கள். சூடேற்றும் பல்புகளைத் தொங்கவிடாதீர்கள், ஒரு சொட்டு நீர் பட்டாலே வெடிக்கக்கூடும்.

எலெக்ட்ரீஷியன் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். என் குடிலுக்கு வேலை செய்ய வந்தவரிடம் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டது நான், பதிலை ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது என் கணவரைப் பார்த்து. எத்தனை ஆம்பியர் என்று கேட்டால், "சாரிடம் சொல்லிவிடுகிறேன்" என்கிறார். குடில் என்னுடையது, சுமையைக் கணக்குப் போட்டு எழுதி வைத்திருந்தவள் நான், என் கணவருக்கு அதில் ஆர்வமும் இல்லை. கடைசியில் என் கணவரே, "அவங்ககிட்டயே பேசுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை. தோட்ட வேலை பெண்களுடையது, ஆனால் ஒயர், ஹீட்டர் என்று வந்தால் ஆணிடம்தான் பேசுவார்கள் என்ற இந்தப் பழக்கம் எப்போது போகும்?

கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய் ஹீட்டரையே தொடரலாமா என்று கேட்பீர்கள். அந்த அலாரங்கள் பெரும்பாலும் வீட்டு அறைகளுக்காகச் செய்யப்பட்டவை. நீர் சொட்டும் ஈரத்திலும் உறைபனியிலும் அவற்றை நம்பி உயிரைப் பணயம் வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உங்கள் குடில் வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தால், கதவிடுக்கு வழியே வாயு படுக்கையறை வரைக்கும் வரும் என்பதையும் யோசியுங்கள். அந்த நிலையில் வீட்டுக்குள் அலாரம் இருந்தே ஆக வேண்டும்.

மின்சாரம் போகிற இரவு வரும், அதற்காகத்தானே ஹீட்டரை வாங்கினேன் என்று நீங்கள் நினைக்கலாம். அன்றைக்கும் அது வேண்டாம். நன்றாக அடைத்த குடில் உடனே உறைந்துவிடாது. தோட்டத் துணியை இரண்டு மடிப்பாகப் போடுங்கள், தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி நடுவில் சேர்த்து அதன்மேல் பழைய போர்வை ஒன்றைப் போர்த்துங்கள், இழக்கக்கூடாத செடிகளை மட்டும் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். எவை அந்தச் செடிகள் என்று இப்போதே முடிவு செய்து, கதவுக்கு அருகில் கைக்கெட்டும் இடத்துக்கு மாற்றி வையுங்கள். இருட்டில் தேட வேண்டியிருக்காது.